பதினேழாம் கட்டையும் ஒற்றைக் கடுக்கனும்

கூலாய்,
மாசி மாதம் 24ந் தேதி.

சிரஞ்சீவி மகன் பெரியண்ணனுக்கு உன் அப்பன் நாச்சிமுத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தோட்டத்து லயத்து வீட்டின் கூரையும் இன்றைய தேதி வரையில் கீழே விழாமல் சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி சண்டாக்கானில் இருக்கும் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வாரம் தவறாமல் சொல்லி வைத்திருக்கிறோம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் நம் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியார் சிற்றம்பலம் ஐயா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தமிழை வெளுத்துக் கஞ்சி போட்டுத்தான் வெளியே விடுவார். ஆகையால் நம் அப்பன் இவ்வளவு அழகாகவா பேசுவான் என்று நீ சந்தேகப்பட வேண்டாம். விஷயம் என்னுடையது, வெளுப்பு அவருடையது.

நீ தை மாதம் அனுப்பிய போட்டோ வந்து சேர்ந்தது. தொப்பி போட்டுக்கொண்டு மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறாய். உன் அம்மா அதை மூன்று நாள் உற்றுப் பார்த்துவிட்டு, தொப்பிக்குக் கீழே முடி இருக்குதா இல்லையான்னு தெரியலீங்களே, அதை மறைக்கத்தான் போட்டிருக்கான் என்று ஒரே அழுகை. அடுத்த போட்டோவில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள். அங்கே ஆற்றில் இறங்கிக் குளிக்காதே, முதலை இருக்கிறதாம், கிராணியார் சொல்கிறார். மாத்திரை கசந்தாலும் விழுங்கு. ஒரு வேளையாவது சுடுசோறு தின்னு. நீ இங்கே கடைசியாகச் சாப்பிட்டது வைகாசி பதினாறு, செவ்வாய்க்கிழமை, கருவாட்டுக் குழம்பு, தட்டில் மூன்று பிடி சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாய். நாலு வருஷம் ஆகப்போகிறது. அந்த மூன்று பிடியை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை புஷ்பவள்ளியின் மகன் அத்தியப்பனுக்கு மாசி பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை காது குத்தினோம். நடந்துவிட்டது. ஆனால் முழுசாக நடக்கவில்லை. தாய்மாமன் நீ. உன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை அவன். நீ வரவில்லை, உன் இடத்தில் வேறு ஒருவர் மடி கொடுத்தார். அது யார், எப்படி என்று வேறு யாராவது உனக்குக் காது மூக்கு வைத்து எழுதுவதற்குள் நானே உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நடந்ததில் என் குற்றமும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

உனக்குக் காது குத்திய கதை உனக்கே தெரியும். அப்போது உன் தாய்மாமன் வீரமுத்து, அடுத்த கப்பலில் வருகிறேன், நான் வராமல் குத்திவிடாதீர்கள் என்று ஊரிலிருந்து கடிதம் போட்டான். கப்பல் வந்தது, அவன் வரவில்லை. இன்னொரு கப்பலும் வந்து போனது. கடைசியில் உன்னை அரிசி மூட்டை மேல் உட்கார வைத்துக் குத்தினோம். உன் அம்மா அன்றைக்கு மூட்டையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். நீ சின்ன வயதில் பிடிவாதம் பிடித்தபோதெல்லாம், மூட்டை மேல உக்காந்தவன் மூட்டை மாதிரிதானே இருப்பான் என்பாள். அந்த வீரமுத்துதான், காது குத்துக்கு வருகிறேன் என்று சொன்ன வீரமுத்துதான், இருபத்துநாலு வருஷம் கழித்துப் போன புரட்டாசியில் கப்பலேறி வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக, காது குத்து முடிஞ்சுதா அக்கா என்று கேட்டான். உன் அம்மா விளக்குமாற்றை எடுத்தாள், நான்தான் நடுவில் நின்றேன்.

பேரன் மூட்டை மேல் உட்காரக்கூடாது என்று உன் அம்மா அவன் பிறந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். உனக்கு இரண்டு கடிதம் போட்டோம். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு நீ எழுதிய பதிலில் மழையைப் பற்றி இருந்தது, மரம் ஏற்றும் கப்பலைப் பற்றி இருந்தது, காது குத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் நம் தோட்டத்துக்கும் மாப்பிள்ளை தோட்டத்துக்கும் நடந்த பந்தாட்டத்தில் நீ கோலில் நின்றாய், மாப்பிள்ளை ஜெயபாலன் உதைத்தான், பந்து கோட்டைத் தாண்டியது என்று அவன் சொன்னான், தாண்டவில்லை என்று நீ சொன்னாய். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு மனிதன் சண்டாக்கான் வரைக்கும் போகிறதா? தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போகிறதா? சரி, அதைக் கடைசியில் பேசுகிறேன். நீ வராவிட்டால் உனக்குப் பதிலாக உன் மாமன் வீரமுத்துவே மடி கொடுக்கட்டும், அவன் பட்ட கடனும் தீரட்டும் என்று முடிவு செய்தோம்.

ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்ந்து பால் வெட்டு நிறுத்திய நாட்கள் ஆனதால் எல்லோருக்கும் ஓய்வு. வெயில் மண்டையைப் பிளந்தது. மாப்பிள்ளை போன ஆவணியில் கோத்தா திங்கிக்கு அப்பால் அருவி ரோட்டில் ஒரு புதுத் தோட்டத்துக்கு மாறிவிட்டான், நாங்கள் யாரும் அங்கே போனதில்லை. டவுனில் கேட்டால் வழி சொல்வார்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். கூலாய்க் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ருக்னுதீன் மரைக்காயரை உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் போகிற வழியில் அவர் கடையில்தான் ரொட்டி தின்பாய். அவர் ஒரு பழைய மோட்டார் வாங்கியிருக்கிறார். என் தங்கச்சி பேரனுக்கு விசேஷம், நானே ஓட்டி வர்றேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு மோட்டாரைக் கொண்டுவந்து லயத்து வாசலில் நிறுத்தினார். அவர் சம்சாரம் ரசியா பிள்ளைக்கு என்று பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் கொடுத்து விட்டிருந்தாள். முன்னால் மரைக்காயரும் வீரமுத்துவும், பின்னால் நானும் உன் அம்மாவும், எங்கள் இருவருக்கும் நடுவில் சீர்த் தட்டுகள், ஒரு வாழைத்தார், பட்டுச் சொக்காய், உன் பேரைச் சொல்லி ஆசாரியிடம் செய்து வாங்கிய சிவப்புக்கல் கடுக்கன் ஒரு ஜோடி.

அந்த மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. சமதரையில் நன்றாக ஓடும். செங்குத்தான மேட்டைக் கண்டால் மட்டும் முகம் கொடுத்து ஏறாது. எண்ணெய் இறங்கி வராதாம். திருப்பி நிறுத்திப் பின்பக்கமாக ஓட்டினால் அடம் பிடிக்காமல் ஏறிவிடும். முதல் மேட்டில் மரைக்காயர் வண்டியைத் திருப்பியதும் உன் அம்மா கத்தினாள், நல்ல காரியத்துக்குப் போறப்ப முதுகைக் காட்டிக்கிட்டா போவாங்க, நிறுத்துங்க என்று இறங்கிவிட்டாள். மஞ்சள் குங்குமத் தட்டை ஏந்திக்கொண்டு முகத்தை நேரே வைத்து மேடு முழுக்க நடந்தாள். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக அவளுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டு போனோம். எதிரில் வந்த சீனன் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்கி நின்று பார்த்தான். கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவில் இப்படி இரண்டு மேடு.

ஜொகூர் பாரு வந்ததும் வீரமுத்து கடலைப் பார்க்க வேண்டும், சிங்கப்பூர் போகிற பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றான். ரயில் ஒன்று கடலுக்கு நடுவே பாலத்தின் மேல் போனதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தவன் மூடவில்லை. அவனுக்கு ஊரைக் காட்டாமல் இருக்க முடியுமா? எனக்கு இந்த ரோட்டில் ஒவ்வொரு மரமும் தெரியும். நானும் உன் அம்மாவும் முதன்முதலில் மாட்டு வண்டியில் இந்த வழியாக வந்தது இருபத்தெட்டு வருஷத்துக்கு முன், பங்குனி மாதம். ஆகையால் வீரமுத்துவிடம், அதோ அந்த வளைவு தெரிகிறதே, அங்கேதான் உன் அக்கா முதல் தடவை வாந்தி எடுத்தாள் என்று காட்டினேன். கொஞ்ச தூரம் போய், இந்த வாய்க்கால் ஓரத்தில் இரண்டாம் தடவை, அப்போது நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன் என்றேன். மூன்றாவது இடத்தில் மோட்டாரை நிறுத்தச் சொல்லி இறங்கியே காட்டினேன், ஏனென்றால் அங்கே இருந்த புளியமரத்தை வெட்டிவிட்டார்கள், சரியான இடம் எது என்று அடி வைத்து அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. மரைக்காயர் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். உன் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், பேரன் தலை மேல சத்தியமா, புஷ்பா வாசலை மிதிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாதுங்க, தொறந்தா புள்ளைக்கு ஆகாதுங்க என்று. காது குத்துகிற நாள், பிள்ளை தலை மேல் சத்தியம். நான் என்ன செய்வேன்? வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இதுவரைக்கும் நடந்ததில் என் குற்றம் என்ன உண்டோ அவ்வளவுதான்.

கோத்தா திங்கிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். மரைக்காயர் இஞ்சின் சூட்டுக்குத் தண்ணீர் ஊற்ற ஆற்றுப் பக்கம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வழி கேட்க வீரமுத்து இறங்கினான். கப்பலில் வரும்போதே ஒரு மலாய்க்காரனிடம் சத்து, டுவா, தீகா என்று ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டவன், அந்தக் கர்வம் வேறு. கடைத்தெருவில் பெரியவர் ஒருவரிடம் மாப்பிள்ளையின் தோட்டத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டான். அவர் அருவி ரோட்டைக் கைகாட்டி, பத்து துஜோ, பத்து துஜோ என்று இரண்டு தரம் தெளிவாகச் சொன்னார். மோட்டாரில் உட்கார்ந்திருந்த என் காதிலேயே விழுந்தது. உனக்குத் தெரியும், மலாய்க்காரர்கள் மைலுக்கு ஒன்றாக நட்டிருக்கும் கட்டைக் கல்லைப் பத்து என்பார்கள். பத்து துஜோ என்றால் ஏழாம் கட்டை. வீரமுத்து திரும்பி வந்து, பதினேழாம் கட்டையாம் அக்கா, பத்தும் ஏழும் பதினேழு என்றான்.

உன் அம்மாவுக்கும் சந்தேகம் வரவில்லை, அவள் சீர்த் தட்டில் எறும்பு ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரைக்காயர் வந்து, அவ்வளவு தூரமா என்று கேட்டார். வீரமுத்து, ஆமாங்க, அந்த ஆளே சொன்னாரு, எண்ணுல பத்தை மட்டும் நம்மகிட்டயிருந்துதான் இவங்க எடுத்துக்கிட்டிருக்காங்க, பத்து மலைன்னு கோயில் இருக்குதே, பத்து மலை இருக்கிறதாலதானே அந்தப் பேரு என்று பெரிய விளக்கம் கொடுத்தான். பெரியண்ணா, நீ அந்த நிமிஷத்தில் என் நிலைமையை நினைத்துப் பார். அந்த ரோட்டுக்குக் கல் உடைத்தவன் நான். தோட்டத்துக்கு வருமுன் பதினோரு மாதம் அங்கேதான் கூலி வேலை. ஒவ்வொரு கட்டைக் கல்லையும் குழி தோண்டி நட்ட நாலு பேரில் நான் ஒருவன். எழுத்துத் தெரியாத நான் எண்ணைப் படித்ததே அந்தக் கற்களில்தான். இன்றைக்கும் பத்துக்கு மேல் எனக்கு எண் எழுத்துத் தெரியாது, ஏனென்றால் அந்த ரோட்டில் பத்துக் கல்தான். பத்தாவது கல்லோடு ரோடு அருவியில் போய் முடிந்துவிடும். பதினேழாம் கட்டை இந்தப் பூமியில் கிடையாது. இவ்வளவையும் வாயில் வெற்றிலையோடு சேர்த்து அடக்கிக்கொண்டு போகிறேன்.

ஆறாம் கட்டை தாண்டியது. ஏழாம் கட்டையில் வலது கைப் பக்கம் மேட்டுக்கு ஏறுகிற செம்மண் பாதை, பாதை வாயில் இரண்டு வாழைமரம், தோரணம், பத்துப் பேர் கூட்டம். எங்களைக் கண்டதும் எல்லோரும் கையை ஆட்டினார்கள். உன் அம்மா, யாரோ கல்யாண வீட்டுக்காரங்க போல, வழியில போறவங்களுக்குக் கூட எவ்வளவு மரியாதை பாருங்க என்று அவளும் கை ஆட்டினாள். ஒருவன் துண்டை வீசிக்கொண்டு புழுதிக்குள் எங்கள் பின்னால் ஓடி வந்தான். வீரமுத்து அவனுக்குப் பதில் மரியாதையாக ரப்பர்க் குமிழை அமுக்கி ஹாரன் அடித்தான். ஓடி வந்தது நம் மாப்பிள்ளை ஜெயபாலன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. ஏழு விரலைக் காட்டினேன். வீரமுத்து, மச்சான் பேசி ஏழு நாழிகை ஆச்சாம் என்று சிரித்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், பின்னால் கை காட்டினேன், நெஞ்சில் அடித்துக்கொண்டேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மரைக்காயரே கொஞ்சம் நிறுத்துங்க, இவருக்கு ஒதுங்கணுமாம் என்றாள். நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் இறங்கித்தான் ஆக வேண்டியதாயிற்று. ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். வேலை ஒன்றும் இல்லை, இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து மறுபடியும் வந்த வழியைக் காட்டினேன். உன் அம்மா, போயிட்டு வந்த எடத்தை எதுக்குங்க காட்டறீங்க, ஏறுங்க என்றாள். ஏறினேன். இந்த இடத்தில் கிராணியார் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இதையும் எழுதட்டோ என்று கேட்கிறார். எழுதுங்கள் ஐயா, என் மகன் சிரித்தாவது கப்பலேறட்டும் என்றேன்.

பத்தாம் கட்டையும் வந்தது, ரோடும் தீர்ந்தது. மலையிலிருந்து படி படியாக வெள்ளைத் துணி காயப் போட்ட மாதிரி தண்ணீர் விழுகிறது. இரண்டு துரைமார் பாறை மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். வேறு வேளையாக இருந்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம், நீ வந்தால் உன்னைக் கூட்டிப் போகிறேன், குளிர்ந்த தண்ணீர், முதலை இல்லை. வீரமுத்து பத்தாம் கல்லுக்குப் பக்கத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மிச்சம் ஏழு கட்டை தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கும் போல என்றான். உன் அம்மா அப்போதுதான் மரைக்காயரின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். மணி பதினொன்று தாண்டிவிட்டது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பேரனையும் மூட்டை மேலதான் உக்கார வைப்பாங்களா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. அவள் முன்னால் போய் நின்று வாயைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. எழுந்து போய் இரண்டு கையாலும் அருவித் தண்ணீரை அள்ளி வந்து என் தலையில் விட்டு, சத்தியம் கரைஞ்சு போச்சுங்க, சொல்லுங்க என்றாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தையைக் கிராணியார் எழுத மாட்டேன் என்கிறார். இரண்டாவது வார்த்தை, ஏழாம் கட்டை.

மரைக்காயர் மோட்டாரைத் திருப்பி ஓட்டிய ஓட்டத்தில் வாழைத்தாரில் பாதி ரோட்டில் போயிற்று. வழி நெடுக வீரமுத்து பத்து, பத்து என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். செம்மண் பாதைக்கு வந்து சேர்ந்தோம். செங்குத்தான மேடு. மோட்டார் பின்பக்கமாகத்தான் ஏறும். உன் அம்மா இறங்கி நடக்க நேரம் இல்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா, ஆசனத்தின் மேல் திரும்பி முட்டி போட்டுக்கொண்டாள். தட்டை முன்னால் நீட்டி, முகத்தைப் பந்தல் பக்கம் நேராக வைத்து, வண்டி தன் முதுகைக் காட்டினாலும் தாய்மாமன் சீர் முகத்தைக் காட்டிக்கொண்டு போகட்டும் என்று அப்படியே வந்து சேர்ந்தாள். கூட்டம் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றது. அத்தியப்பன் பின்பக்கமாக வரும் மோட்டாரைக் கண்டு கை தட்டிக் குதித்தான்.

நாங்கள் ஒவ்வொருவராக இறங்கினோம். உன் தங்கை ஓடி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என் காலைத் தொட்டாள், வீரமுத்துவை வாங்க மாமா என்றாள், மரைக்காயரையும் வாங்க மாமா என்றாள். எல்லாரும் இறங்கிய பிறகு மோட்டாருக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். வாழைத்தார்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வியாழக்கிழமை சிங்கப்பூருக்குச் சண்டாக்கான் கப்பல் வருகிறது என்று யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறாள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி தங்கக் கம்பியோடு உட்கார்ந்திருக்கிறார். வீரமுத்து மணை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாடா ராசா என்று பிள்ளையை மடியில் இழுத்தான். அவன் மீசையை உனக்குத் தெரியாது, இரண்டு பக்கமும் கொக்கி மாதிரி இருக்கும். அத்தியப்பன் ஒரு பார்வை பார்த்தான், கட்டை விரலைக் கடித்தான், இறங்கி ஓடினான். பிடித்து வந்து உட்கார வைத்தார்கள், மறுபடியும் கடித்தான், அதே விரல். மூன்றாம் தரம் வீரமுத்துவே எழுந்து ஓடிவிட்டான். ஆசாரி கத்துகிறார், அம்மா பன்னெண்டுக்குப் பத்து நிமிசந்தான் இருக்குது, மாமன் எங்கே, மாமனைக் கூப்பிடுங்க, மாமன் இல்லாம எப்படிக் குத்தறது என்று. விருந்துக்கு வந்திருந்த பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், இருக்கும் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமன் என்கிற சத்தம் மட்டும் புரிந்தது. மலாய்க்காரர்களுக்கு மரைக்காயர் மாதிரித் தமிழ் முஸ்லிம் ஆட்கள் எல்லாம் மாமாக் அல்லவா? மாமாக்கைத் தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, மாமாக் அடா, மாமாக் அடா, இருக்கிறாரே இருக்கிறாரே என்று சொல்லிக்கொண்டு, வெளியே மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த ருக்னுதீன் மரைக்காயரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மணைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

மரைக்காயர் கையில் ஹாரன் குமிழ் இருந்தது, துடைப்பதற்குக் கழற்றியது. அத்தியப்பன் தானாக அவரிடம் போய் இரண்டு கையாலும் அதை அமுக்கினான், அது பாம் என்றது, மாமா இன்னொண்ணு என்றான். மரைக்காயர் கூச்சப்பட்டு, நான் எப்படிம்மா, உங்க சடங்கு முறை வேற, எங்க முறை வேற என்றார். உன் தங்கை சொன்னாள், எங்க அண்ணனுக்கு ரொட்டி குடுத்து வளர்த்தவரு நீங்க, அவர் வராத எடத்துல நீங்க வந்து நிக்கிறீங்க, உக்காருங்க மாமா என்று. அவர் தலையில் தொப்பியைச் சரி செய்துகொண்டு, பிஸ்மில்லா என்று சொல்லிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். பிள்ளை ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். பாம் என்ற சத்தத்தில் ஆசாரி வலது காதைக் கம்பியால் குத்திக் கடுக்கனையும் மாட்டிவிட்டார். அழுகை வந்ததே தெரியவில்லை. மரைக்காயர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆசாரி இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அப்போதுதான் உன் தங்கை வந்து பிள்ளையின் இடது காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். இது எங்க அண்ணனுக்கு என்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், இது என்னடி கூத்து, ஒத்தைக் காதோட புள்ளை திரிஞ்சா ஊர் சிரிக்காதா என்று. சிரிக்கட்டும், சிரிக்கிற சத்தம் சண்டாக்கானுக்குக் கேக்கட்டும் என்றாள். கையை எடுக்கவில்லை. மணி பன்னிரண்டும் தாண்டிவிட்டது. அவள் உன் தங்கை, மூட்டை மேல் உட்காராமலே அந்தப் பிடிவாதம்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஓடி வந்த புழுதி இன்னும் மீசையில் இருந்தது. கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிவிட்டு, மாமா, மச்சான் வந்தா அது கோல் இல்லேன்னு ஒத்துக்கிறேன்னு எழுதுங்க என்றான். அதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன். பெரியண்ணா, நானும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நான் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பந்து எங்கே விழுந்தது, கோடு எங்கே இருந்தது, எந்தப் புல் சாய்ந்தது, எல்லாம் என் கண்ணில் இருக்கிறது. நாலு வருஷமாக இரண்டு பேரும் என்னிடம் கேட்கவில்லை, கிழவனுக்கு என்ன தெரியும் என்று. நீங்கள் இருவரும் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் சொல்வேன். கடிதத்தில் சொல்ல மாட்டேன், கிராணியாரும் கேட்டுப் பார்த்துவிட்டார்.

அத்தியப்பனுக்கு இப்போது மூன்றாம் வயசு நடக்கிறது. ஆவணி பிறந்தால் நாலு ஆரம்பம், இரட்டைப்படையில் காது குத்தக் கூடாது, அப்புறம் ஐந்து வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதுவரை பிள்ளை ஒரு பக்கம் கடுக்கனோடு திரிய வேண்டும். இப்போதே லயத்துப் பிள்ளைகள் அவனை ஒத்தைக் கடுக்கன் என்று கூப்பிடுகிறார்கள். அவன் அதைப் பட்டப்பெயராக நினைக்காமல், இன்னொண்ணு எங்க மாமாகிட்ட இருக்குது, கப்பல்ல வருது என்று பதில் சொல்கிறானாம். உன் தங்கை சொல்லிக் கொடுத்தது. மரைக்காயர் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார். வலது காது நான் இரவலாக வாங்கியது, இடது காதுக்குச் சொந்தக்காரர் வந்தால் சிங்கப்பூர்க் கப்பல்துறைக்கே மோட்டாரோடு வருகிறேன், அங்கே மேடு கிடையாது, முன்பக்கமாகவே கூட்டி வருகிறேன் என்றார். வீரமுத்து இப்போது மலாய் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டான். விரலில் கட்டுப் போட்டிருக்கிறான்.

இந்தக் கடிதத்துக்குள் மஞ்சள் துணியில் முடிந்து ஒன்று இருக்கும், பிரிக்கும்போது கீழே விழாமல் பார்த்துக்கொள். அதுதான் இடது காதுக் கடுக்கன். உன் அம்மா முடிந்து கொடுத்தாள். தபாலில் திருப்பி அனுப்பினால் வாங்கக் கூடாது என்று கிராணியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது இங்கே வந்து சேர ஒரே வழிதான் இருக்கிறது, உன் சட்டைப் பையில்.

சூரியன் சந்திரன் உள்ளவரை நீ நோய் நொடி இல்லாமல், கண்ணும் காலும் தெளிவாக, கட்டின துணியும் தின்ற சோறும் உடம்பில் ஒட்ட, நல்லபடியாக இருக்க வேண்டும். உன் அம்மா அங்கம்மாவின் ஆசியும் இதோடு. மாத்திரை, தொப்பி, ஆவணி, இந்த மூன்றையும் மறக்காதே.

இப்படிக்கு,
ஏழாம் கட்டையை நட்ட உன் அப்பன்
நாச்சிமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை)